எஃப்-150ல ட்ரெய்லர் இழுக்கறப்போ எவ்ளோ காத்து? கடைக்காரர் 35ங்கறார், பக்கத்து வீட்டுக்காரர் 80ங்கறார்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். நீளமான கடிதம், தேவையானதை மட்டும் கீழ போடறேன்:

"அண்ணா வணக்கம். என்கிட்ட ஃபோர்டு எஃப்-150 ஸூப்பர் க்ரூ பிக்கப் இருக்கு, 145 இஞ்ச் வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடு தூரம்). கதவு ஸ்டிக்கர்ல டயர் பி275/65ஆர்18, முன்னாடி 35 பின்னாடி 35 பி.எஸ்.ஐ.ன்னு இருக்கு, பேலோடு (ஆளு, சாமான்னு வண்டி மேல ஏத்தக்கூடிய மொத்த எடை) 1650 பவுண்டு. பழைய டயர் தேஞ்சு போச்சுன்னு போன மாசம் மாத்தினேன், ட்ரெய்லர் இழுக்கறவங்க எல்டி டயர்தான் (லைட் ட்ரக் டயர்) போடணும்னு எல்லாரும் சொன்னதால எல்டி275/65ஆர்18, லோடு ரேஞ்ச் ஈ (அதிக லோடு தாங்கற வகை) போட்டேன். கடைல ஸ்டிக்கரைப் பாத்து 35 அடிச்சு அனுப்பிட்டாங்க. ட்ரெய்லரை மாட்டி ஐ-10 ஹைவேல போனா பின்பக்கம் லேசா நெளியுது. பக்கத்து வீட்டுக்காரர் டயர்லயே 80ன்னு எழுதியிருக்கு, 80 அடின்னு சொல்றார். கேம்பர் ட்ரெய்லர், ரெண்டு ஆக்ஸில், சாமானோட 6200 பவுண்டு வரும். ஜூன்ல நான், வொய்ஃப், ரெண்டு பசங்க கொலராடோ போறோம். எவ்ளோ அடிக்கறது? ஈ டயர் போட்டாச்சே, இனிமே கொஞ்சம் கூடுதலா ஏத்தலாமா?"

தம்பி, முதல்ல பதிலைச் சொல்லிடறேன், காரணத்தை அப்புறம் பொறுமையா படிங்க. தினசரி ஓட்டறதுக்கு நாலு டயர்லயும் 45. ட்ரெய்லர் மாட்டற நாள்ல பின்னாடி ரெண்டும் 52லேர்ந்து 55க்குள்ள, முன்னாடி 45லயே இருக்கட்டும். எல்லாமே காலைல வண்டி ஆறிக் கிடக்கும்போது அளந்தது. ட்ரெய்லர் டயர்ல அதோட பக்கவாட்டுல எழுதியிருக்க முழு பிரஷர். கூடுதலா ஏத்தலாமாங்கற கேள்விக்கு பதில், ஏத்தக்கூடாது, சொல்லப்போனா இப்பவே நீங்க லிமிட்டைத் தாண்டியிருப்பீங்கன்னுதான் எனக்குத் தோணுது, அதுக்கு பின்னாடி வரேன்.

கடைக்காரர் ஸ்டிக்கரைப் பாத்து அடிச்சது சோம்பேறித்தனம் இல்ல, ஸ்டிக்கரைத் தாண்டி ஒரு நம்பர் அடிச்சு ஏதாவது ஆச்சுன்னா கேள்வி அவங்க மேலதான் வரும், அதனால பல கடைல அதுதான் ரூல். ஆனா அந்த ஸ்டிக்கர் பேசறது கம்பெனில இருந்து வண்டியோட வந்த பி டயரைப் பத்தி. நீங்க மாட்டியிருக்கறது வேற ஜாதி டயர். சைஸ் ஒண்ணுதான், 275/65ஆர்18, முன்னாடி இருக்கற எழுத்துதான் வேற, பின்னா பாசெஞ்சர் கார் டயர், எல்டின்னா லைட் ட்ரக் டயர், ஆனா அந்த எழுத்து மாறினா காத்து கணக்கே மாறிடும். இதை இங்க நிறைய பேர் கவனிக்கறதே இல்ல, நல்ல கனமான டயர் வாங்கியாச்சு, அதே 35லயே இது பழசை விட அதிகமா தாங்கும்னு நினைச்சுக்கறாங்க. நிஜம் அதுக்கு நேர் எதிர்.

கணக்கைப் பாருங்க. உங்க பழைய பி275/65ஆர்18, லோடு இன்டெக்ஸ் 114, அதாவது 35 பி.எஸ்.ஐ.ல ஒரு டயர் 2601 பவுண்டு தாங்கும். அது கார்ல மாட்டினா. பிக்கப் மாதிரி வண்டில பி டயரை மாட்டினா அந்த நம்பரை 1.1ஆல வகுத்துதான் எடுத்துக்கணும்னு அமெரிக்க ஃபெடரல் விதியே இருக்கு, ஏன்னா பிக்கப்புன்னா யாராவது லோடு ஏத்தி அடிப்பாங்கன்னு அவங்களுக்கும் தெரியும். வகுத்தா 2365 வரும். ஆக கம்பெனி 35ன்னு ஸ்டிக்கர் ஒட்டினப்போ, ஒரு மூலைக்கு 2365 பவுண்டு தாங்கற சக்தியை மனசுல வச்சுத்தான் ஒட்டியிருக்கு. இப்ப புது டயருக்கு வாங்க. எல்டி275/65ஆர்18 ஈ, 80 பி.எஸ்.ஐ.ல 3415 பவுண்டு. அதுதான் உங்க பக்கத்து வீட்டுக்காரர் படிச்ச எழுத்து. அதே சைஸ் 50ல 2535. 35க்கு இறக்கினா ஏறக்குறைய 2000தான். பாத்தீங்களா, காசும் குடுத்து, டயர் தாங்கற எடையையும் 300 பவுண்டுக்கு மேல குறைச்சுக்கிட்டீங்க. சுமக்கறது ரப்பர் இல்ல, உள்ள அடைச்சு வச்சிருக்க காத்துதான், ரப்பரும், அதுக்குள்ள இருக்கற பிளைங்கற அடுக்கும் அந்தக் காத்தைப் பிடிச்சு வைக்கற வேலையத்தான் செய்யுது. எல்டி டயர் கனமான பை, அவ்ளோதான், பைக்குள்ள காத்து இல்லன்னா அது கனமா இருந்து என்ன பிரயோஜனம்.

அதனால பழைய 2365ஐ திரும்ப எட்டணும்னா எல்டி டயர்ல 45 கிட்ட வேணும். நான் சொன்ன 45 அங்கிருந்து வந்ததுதான். ஒவ்வொரு டயர் கம்பெனியும் லோடு இன்ஃப்ளேஷன் டேபிள்னு ஒண்ணு வச்சிருக்கும், சைஸ் போட்டு 35, 40, 45ன்னு வரிசையா எத்தனை பவுண்டுன்னு இருக்கும், உங்க டயர் பிராண்டோட டேபிளை ஒரு தடவை எடுத்துப் பாத்துக்கோங்க. எல்டி வரிசையையே பாக்கணும், பக்கத்துலயே பி வரிசையும் இருக்கும், மாத்திப் படிச்சிடாதீங்க.

இப்ப ட்ரெய்லர் மாட்டறப்போ பின்னாடி ஏன் இன்னும் கூட்டணும். 6200 பவுண்டு ட்ரெய்லர்னா டங் வெயிட், அதாவது ட்ரெய்லரை மாட்டற இரும்பு உருண்டை (ஹிட்ச் பால்) மேல செங்குத்தா உக்கார்ற எடை, 10லேர்ந்து 15 சதவீதம் இருக்கணும், உங்களுதுல 800 பவுண்டுன்னு வச்சுக்கலாம். நிறைய பேர் என்ன நினைக்கறாங்கன்னா 800 பவுண்டு பின்னாடி ஏறுச்சு, பின் டயர் ரெண்டுக்கும் ஆளுக்கு 400, முடிஞ்சுதுன்னு. அப்படி இல்ல. பால் இருக்கறது பின் ஆக்ஸிலுக்கு நேர் மேல இல்ல, அதுக்கும் பின்னாடி நாலரை அடி தள்ளி இருக்கு. சின்ன வயசுல சீசா பலகை ஆடியிருப்பீங்க, அதே கதைதான், நடுவுல பின் ஆக்ஸில், ஒரு முனைல பால், அந்த முனைல முன் சக்கரம். இங்க அழுத்தினா அங்க தூக்கும். அந்த நாலரை அடி, 54 இஞ்சை, வீல்பேஸ் 145ஆல வகுத்தா 0.37, ஆக 800 பவுண்டு வச்சா முன்னாடி இருந்து ஒரு 300 பவுண்டு பிடுங்கிட்டு வந்து பின்னாடி சேத்துடும், பின் ஆக்ஸில் மேல ஏறினது 1100. ட்ரெய்லர் மாட்டினதும் ஸ்டியரிங் லேசாகிப்போன மாதிரி இருக்குன்னு ஆளுங்க சொல்றது இதனாலதான், கற்பனை இல்ல.

குடும்பம், பெட்டி படுக்கை எல்லாம் ஏறின உங்க வண்டில பின் ஆக்ஸில் மேல ட்ரெய்லர் இல்லாமலே ஒரு 2600, 2700 இருக்கும். அதோட 1100. 3800ஐ தொட்டாச்சு. டிரைவர் கதவைத் தொறந்தா இன்னொரு லேபிள் இருக்கும், ஜி.ஏ.டபிள்யூ.ஆர்.னு, அதாவது ஒரு ஆக்ஸில் மேல அதிகபட்சம் எவ்ளோ எடை ஏறலாம்னு, முன்னாடி பின்னாடி தனித்தனியா போட்டிருக்கும், இந்த வண்டிங்க பலதுல பின்னாடி அதே 3800தான், உங்களுது என்னன்னு பாத்து வைங்க. ரெண்டு டயருக்கு பிரிச்சா ஆளுக்கு 1900. கடைல அடிச்சு விட்ட 35ல டயர் தாங்கறது 2000. 100 பவுண்டுதான் மிச்சம்! ஜூன் மாசம், டெக்சாஸ் தார் ரோடு, மணிக்கு 70 மைல், பள்ளம் மேடு வேற. சட்டப்படி ஓட்டலாம்னு யாராவது வாதாடலாம், என் வீட்டு ஆளுங்க அந்த வண்டில இருந்தா நான் ஓட்ட விடமாட்டேன். 52லேர்ந்து 55 வச்சீங்கன்னா ஒரு டயர் 2600க்கு மேல தாங்கும், தேவை 1900, நடுவுல நல்ல இடைவெளி இருக்கு, சூடும் கம்மியாகும், சைடுவாலும் விறைப்பா நிக்கும்.

அந்த விறைப்பு முக்கியம், ஏன்னா நீங்க சொல்ற நெளிவு பெரும்பாலும் அங்கதான் இருக்கு. பின் டயரோட பக்கம் மெத்துன்னு இருந்தா ட்ரெய்லர் ஒரு இழுப்பு இழுத்ததும் வண்டியோட பின்பகுதி டயர் மேலயே பக்கவாட்டுல சாயும், அது திரும்பறதுக்குள்ள ட்ரெய்லர் அடுத்த இழுப்பு இழுக்கும். பக்கத்துல பதினெட்டு சக்கர லாரி ஒண்ணு தாண்டிப் போனா இன்னும் மோசம். புது டயர்ங்கறதால ட்ரெட், அதாவது ரோட்டைத் தொடற வெட்டுங்க, ஆழமா இருக்கும், அந்தக் கட்டைங்க ஒவ்வொண்ணும் கொஞ்சம் ஆடும், சில நூறு மைல் ஓடினா அது அடங்கிடும். 53 வச்சு ஒரு முறை ஐ-10ல ஓட்டிப் பாருங்க, அப்பவும் நெளிஞ்சா அது காத்து பிரச்சினை இல்ல, டங் வெயிட் கம்மியா இருக்கலாம், இல்லன்னா வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் (டங் எடைல ஒரு பங்கை பார் வச்சு முன் சக்கரத்துக்குத் திருப்பித் தள்ளற ஹிட்ச்) சரியா செட் பண்ணாம இருக்கலாம். கடிதத்துல ஹிட்ச்சைப் பத்தி ஒண்ணுமே எழுதல நீங்க. 6200 பவுண்டுக்கு வெறும் பால் மவுண்ட் மட்டும் வச்சு இழுக்கறீங்கன்னா முதல்ல அதை சரி பண்ணுங்க, ஹிட்ச் ரிசீவர்லயே ஒரு லேபிள் இருக்கும், டிஸ்ட்ரிப்யூஷன் பார் இல்லாம எவ்ளோ, பாரோட எவ்ளோன்னு ரெண்டு நம்பர் போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க.

சரி, பக்கத்து வீட்டுக்காரரோட 80. அவர் கிட்ட 2500, எஃப்-250 மாதிரி இன்னும் கனமான பிக்கப் இருந்தா அவர் சொல்றது அவர் வண்டிக்கு சரியாக்கூட இருக்கும், அந்த வண்டிங்க பலதுல கதவு ஸ்டிக்கர்லயே பின்னாடி 80ன்னு இருக்கும், ஏன்னா அதோட பின் ஆக்ஸில் 6000 பவுண்டுக்கு மேல சுமக்கறதுக்குன்னே செஞ்சது. உங்க ஆக்ஸில் 3800. டயர்ல எழுதியிருக்க 80ஐ "இவ்ளோ அடி"ன்னு படிக்கக் கூடாது, "3415 பவுண்டு ஏத்தணும்னா 80 வேணும்"னுதான் படிக்கணும். 1900 பவுண்டுக்கு 80 அடிச்சா டயர் உருண்டையா நிக்கும், நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும், நடு தேயும், பிரேக் அடிச்சா நிக்கற தூரம் கூடும், அதுவும் ஹூஸ்டன் மழை எப்படி கொட்டும்னு நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல, ஈர ரோட்ல வெறும் வண்டியோட 80ல போறது வம்பை விலை குடுத்து வாங்கற வேலை. இன்னொண்ணு, இது டயர் வேலை செய்யறவங்களுக்குத்தான் தோணும். உங்க ரிம்ல இருக்கற வால்வு சாதாரண ரப்பர் ஸ்னாப்-இன் வகையா இருந்தா அது 65 பி.எஸ்.ஐ.க்கு மேல அடிக்கறதுக்கு செஞ்சதே இல்ல. 80 அடிக்கற வண்டிங்களுக்கு ஹை-பிரஷர் வால்வு ஸ்டெம், இல்லன்னா மெட்டல் ஸ்டெம் போடுவாங்க. ரிம்முக்கும் தனியா ஒரு லிமிட் உண்டு. டயர் தாங்கும், அது உக்காந்திருக்க ரிம்மும் வால்வும் தாங்கணுமே.

இப்ப நீங்க விரும்பாத பகுதி. ஈ டயர் போட்டதால வண்டியோட பேலோடு ஒரு பவுண்டுகூட ஏறல. ஸ்டிக்கர்ல 1650ன்னா 1650தான், அது ஃப்ரேம், ஸ்பிரிங், ஆக்ஸில், பிரேக் எல்லாத்தையும் சேத்துப் போட்டது, டயர் அதுல ஒரு பங்காளி மட்டும். சொல்லப்போனா ஈ டயர் பழசை விட கனம், அதனால கொஞ்சம் குறைஞ்சுதான் போச்சு. கூட்டிப் பாருங்க, நாலு பேர் 550, வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் இருந்தா அது ஒரு 100, பின்னாடி திறந்த பெட்ல ஜெனரேட்டர், கூலர், சைக்கிள், கரி மூட்டைன்னு 250, டங் 800. மொத்தம் 1700. ட்ரெய்லர் 6200 பவுண்டு இழுக்க முடியுமான்னா எஞ்சின் ஜம்முனு இழுக்கும், அதுல சந்தேகமே இல்ல, விளம்பரத்துல காட்டற டோயிங் நம்பர் எல்லாம் பெருசா இருக்கும், ஆனா குடும்பஸ்தன் வண்டி முதல்ல முட்டி நிக்கறது எப்பவும் பேலோடுலதான்.

என்ன பண்ணலாம்னா பெட்ல இருக்கற கனமான சாமானை ட்ரெய்லருக்குள்ள, அதுவும் ஆக்ஸிலுக்கு நேர் மேல, வைங்க. முன்பக்க ஸ்டோரேஜ்ல எல்லாத்தையும் அடைச்சீங்கன்னா டங் ஏறும், பின்னாடி அடைச்சா டங் குறைஞ்சு ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், அது இன்னும் ஆபத்து. டங் 10 சதவீதத்துக்குக் கீழ, அதாவது உங்க கணக்குல 620க்குக் கீழ, போகவே கூடாது. 700, 720 கிட்ட கொண்டுவர முடிஞ்சா நல்லது. ஃப்ரெஷ் வாட்டர் டேங்க்கை வீட்டுலயே ரொப்பிக்கிட்டு போகாதீங்க, ஒரு கேலன் தண்ணி 8.3 பவுண்டு, 40 கேலன்னா 330 பவுண்டு, அது எந்த இடத்துல இருக்குங்கறதைப் பொறுத்து டங் ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும். போற இடத்துல பிடிச்சுக்கலாம்.

நான் போட்ட எடைங்க எல்லாம் அனுமானம். நிஜ நம்பர் வேணும்னா கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி குடும்பத்தையும் சாமானையும் ஏத்திக்கிட்டு ஒரு ட்ரக் ஸ்டாப்புக்குப் போங்க, பைலட்லயோ லவ்ஸ்லயோ லாரி எடை போடற கேட் (CAT) ஸ்கேல் இருக்கும். முன் ஆக்ஸில் ஒரு பலகைல, பின் ஆக்ஸில் ஒரு பலகைல, ட்ரெய்லர் ஆக்ஸிலுங்க மூணாவது பலகைல நிக்கற மாதிரி நிறுத்தினா மூணும் தனித்தனியா சீட்டுல வரும். முதல் தடவை ட்ரெய்லரோட, டிஸ்ட்ரிப்யூஷன் பார் மாட்டி. அப்புறம் ஓரமா நிறுத்தி பாரை மட்டும் கழட்டிட்டு ரெண்டாவது தடவை. கடைசியா ட்ரெய்லரை விட்டுட்டு வண்டி மட்டும். மூணு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா டங் எவ்ளோ, முன்னாடி எவ்ளோ தூக்குது, பார் எவ்ளோ திருப்பிக் குடுக்குதுன்னு எல்லாம் புட்டு புட்டு வச்சிடும். பின் ஆக்ஸில் நம்பரை ரெண்டால வகுத்து, மேல ஒரு 15, 20 சதவீதம் சேத்து, டேபிள்ல அதுக்கு எந்த பி.எஸ்.ஐ.னு பாருங்க. அது 45க்கும் கீழ வந்தாலும் 45க்கு இறங்காதீங்க, இழுக்கறப்போ சைடுவால் விறைப்புக்காகவே 50க்கு மேல வைக்கறதுதான் எனக்குப் பிடிக்கும், இது டேபிள் சொல்றது இல்ல, என் அபிப்பிராயம்.

வண்டி டேஷ்போர்டுல மஞ்ச லைட் எரியலையே, அப்ப காத்து சரியாத்தானே இருக்குன்னு இருந்துடாதீங்க. டயர்ல காத்து குறைஞ்சா எரியற அந்த டி.பி.எம்.எஸ். லைட் வந்த கதையே இதே மாதிரி ஒரு கதைதான். 2000ம் வருஷம் ஆகஸ்ட்ல ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயரைத் திரும்பக் கூப்பிட்டுது, பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்ல இருந்த டயருங்க, அதுக்கு ஃபோர்டு சொல்லியிருந்தது 26 பி.எஸ்.ஐ. டயர் செஞ்சதுல தப்பா, காத்து கம்மியா சொன்னதுல தப்பான்னு ரெண்டு கம்பெனியும் அடிச்சுக்கிட்டாங்க, அதை விடுங்க. வெயில், வேகம், லோடு, கம்மி காத்து, இந்த நாலும் ஒண்ணா சேந்தா ட்ரெட் தனியா உரிஞ்சு வந்துடுங்கறதை ஊர் உலகமே அப்ப பாத்துச்சு. அதே வருஷம் நவம்பர்ல ட்ரெட் ஆக்ட்னு (TREAD Act) அமெரிக்கச் சட்டம் ஒண்ணு வந்துச்சு, அதுலேர்ந்துதான் இந்த லைட், 2007 செப்டம்பர்லேர்ந்து எல்லாப் புது சின்ன வண்டிக்கும் கட்டாயம்.

ஆனா அந்த லைட் எரியறது ஸ்டிக்கர் நம்பர்லேர்ந்து 25 சதவீதம் இறங்கினா. உங்க ஸ்டிக்கர் 35, ஆக ஒரு 26 வந்தாத்தான் எரியும். நீங்க 53 வச்சு இழுத்துட்டுப் போறப்போ ஒரு ஆணி ஏறி 53, 45, 35, 30ன்னு இறங்கிக்கிட்டே இருக்கும், லைட் கம்முனு இருக்கும். 30ல இந்த லோடோட அந்த டயர் வெந்துடும். அதனால டேஷ்ல டயர் பிரஷர் நம்பராக் காட்டற பக்கம் உங்க மாடல்ல இருந்தா நெடுந்தூரம் போறப்போ அதையே திறந்து வச்சுக்கோங்க, இல்லன்னா ட்ரெய்லருக்கும் சேத்து தனியா ஒரு சென்சார் கிட் வாங்கி வால்வு மேல திருகிக்கோங்க. ட்ரெய்லருக்கு எப்படியும் அது வேணும், ட்ரெய்லர் டயர் வெடிச்சா முன்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு சத்தமே கேக்காம ரெண்டு மைல் இழுத்துட்டுப் போறவங்க இருக்காங்க.

அளக்கறதைப் பத்தி. ஆறின வண்டின்னா குறைஞ்சது மூணு மணி நேரம் நின்னிருக்கணும், இல்லன்னா ஒரு மைலுக்குள்ளதான் ஓடியிருக்கணும். வெயில்ல ஒரு பக்கம் காயுற மாதிரி நிறுத்தினா அந்தப் பக்கம் ரெண்டு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதனால விடிகாலைதான் சரி. 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு பி.எஸ்.ஐ.னு சொல்லுவாங்க, அது 35 அடிக்கற காருக்கு, உங்களுக்கு 50ல 1.2 வரும், 80 அடிக்கறவங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டே வரும். ஓடினா சூடாகி 53 வச்சது 59, 60ன்னு காட்டும், பயந்துபோய் கேஸ் ஸ்டேஷன்ல நிறுத்தி காத்தை இறக்கிடாதீங்க. அது இயல்பு. சூடான டயர்ல இறக்கினா நாளைக்கு காலைல கம்மியா இருக்கும், கம்மியா இருந்தா இன்னும் சூடாகும், இப்படியே சுத்தும். ஆனா ஒரே ஆக்ஸில்ல ஒண்ணு 59, இன்னொண்ணு 67ன்னு இருந்தா விஷயம் வேற, அதுல ஏதோ கோளாறு, நிறுத்திப் பாருங்க.

கொலராடோ போறீங்கங்கறதால ஒண்ணு. அமரில்லோ வழியாப் போனா அடுத்து ராட்டன் கணவாய், 7834 அடி. மேல போகப் போக வெளிக்காத்து அழுத்தம் குறையும், உங்க கேஜ் வெளிக்காத்தோட ஒப்பிட்டுத்தான் காட்டும், அதனால டயர்ல ஒரு மாற்றமும் இல்லாமலே அங்க மூணரை பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். ஆனா கேட்டில காலைல 80 டிகிரி, மலைல காலைல 45 டிகிரி, அதனால நாலு பி.எஸ்.ஐ. குறையும். ரெண்டும் ஏறக்குறைய கழிஞ்சு போயிடும். அங்க ரெண்டாவது நாள் காலைல ஒரு தடவை அளந்து, ரெண்டு பி.எஸ்.ஐ.க்கு மேல வித்தியாசம் இருந்தா மட்டும் சரி பண்ணுங்க, ஒவ்வொரு ஸ்டாப்லயும் இறங்கி நோண்டிக்கிட்டு இருக்க வேணாம். கேஸ் ஸ்டேஷன் கேஜை நம்பாதீங்க, 100 பி.எஸ்.ஐ. வரைக்கும் அளக்கற நல்ல கேஜ் ஒண்ணு சொந்தமா வாங்கி எப்பவும் அதுலயே அளங்க. நைட்ரஜன் அடிக்கலாமான்னு கேட்டா, சாதாரண காத்துலயே 78 சதவீதம் அதுதான், காசை மிச்சம் பண்ணுங்க.

ட்ரெய்லர் டயருக்கு வரேன். அதுல எஸ்டின்னு (ஸ்பெஷல் ட்ரெய்லர்) எழுதியிருக்கும். இதுக்கு மேல சொன்ன டேபிள் விளையாட்டெல்லாம் வேணாம், சைடுவால்ல என்ன மேக்ஸிமமோ அதே, ஆறின டயர்ல. எஸ்டி205/75ஆர்15 லோடு ரேஞ்ச் "சி"ன்னா 50 பி.எஸ்.ஐ.ல 1820 பவுண்டு, "டி"ன்னா 65ல 2150, உங்க ட்ரெய்லர்ல எதுன்னு பாத்துக்கோங்க, ட்ரெய்லர் மேலயும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக்கு முழு பிரஷர் வேணாம்னுட்டு இதுக்கு மட்டும் ஏன் முழுசான்னா, ட்ரெய்லர் டயர்ல மிச்சம் விட்டிருக்கறதே கொஞ்சம்தான், போதாக்குறைக்கு ரெண்டு ஆக்ஸில் ட்ரெய்லரை கேம்ப் கிரவுண்டுல வளைச்சுத் திருப்பறப்போ டயருங்க பக்கவாட்டுல இழுபட்டு மடியறதை நீங்களே இறங்கி நின்னு பாருங்க, பாவமா இருக்கும். மெத்துன்னு இருந்தா உள்ள இருக்கற பிளை சீக்கிரம் விட்டுப்போகும். இந்த டயருங்க ட்ரெட் தேஞ்சு சாகறதில்ல, வயசாகித்தான் சாகுது. சைடுவால்ல இருக்கற டாட் (DOT) நம்பரோட கடைசி நாலு இலக்கம் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா ட்ரெட் பளபளன்னு இருந்தாலும் ஜூனுக்கு முன்னாடி மாத்திடுங்க. வேகமும் அப்படித்தான், தனியா ஸ்பீடு எழுத்து போடாத எஸ்டி டயருக்கு 65 மைல்தான் கணக்கு. மேற்கு டெக்சாஸ்ல சில ரோட்ல 80 லிமிட்டுன்னு போர்டு இருக்கும், அந்த போர்டு உங்க ட்ரெய்லருக்கு எழுதினது இல்ல. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.

திரும்பி வந்ததும் பின் டயரை 45க்கு இறக்கிடுங்க, வெறும் வண்டியோட 55லயே ஓட்டினா பெட் துள்ளும், பசங்க பின் சீட்ல தூங்கவே மாட்டாங்க. புது டயர் மாத்தினவங்க 100 மைல் ஓடினப்புறம் வீல் நட்டை, இறுக்கத்தை அளக்கற டார்க் ரென்ச்சால ஒரு தடவை பாக்கணும், 2015க்கு அப்புறம் வந்த எஃப்-150ன்னா 150 ஃபுட் பவுண்டு, நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க, இந்த சனிக்கிழமை பண்ணிடுங்க. அப்படியே குனிஞ்சு பெட்டுக்கு அடில தொங்கற ஸ்பேரையும் பாருங்க. அது இன்னும் பழைய பி டயராத்தான் இருக்கும், சில வண்டில சைஸே வேறயா இருக்கும், அதுல 20 பி.எஸ்.ஐ.தான் மிச்சம் இருந்தாலும் எந்த லைட்டும் சொல்லாது. அதுல எழுதியிருக்க அளவைத் தாண்டாம காத்து ஏத்தி வைங்க, வழில பின் டயர் ஒண்ணு போச்சுன்னா, சைஸ் ஒத்துப்போற பட்சத்துல, முன்னாடி இருக்கற எல்டி ஒண்ணைக் கழட்டி பின்னாடி போட்டுட்டு ஸ்பேரை முன்னாடி மாட்டுங்க, பின்னாடி வந்த எல்டிக்கு 53 அடிச்சுட்டு, அடுத்த டயர் கடை வரைக்கும் மெதுவா போங்க.